மரப்பாதத்தை உதறிய மணப்பெண்

அன்பு மகள் யுன்சினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, நாலு கோழி எல்லாரும் சுகம். படிக்கப் போன தியன்சினில் உன் இருமல் நின்று உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். தங்கை சுவோலானின் கல்யாணம் நடந்ததா, இல்லை கால் பெரிது என்று நின்றுபோனதா என்று பதறிக் கேட்டிருந்தாய். நடந்தது, ஆனால் அது நடந்த விதத்தைச் சொல்லி ஊரே சிரிக்கிறது. மாப்பிள்ளைக்கு முழுச் சம்மதம், அவன் அம்மாதான் பிடிவாதம். "சின்ன வயசுலேயே துணி சுத்திக் கட்டிக் குறுக்காத காலோட ஒருத்தி என் வாசல்ல வந்து நின்னா, ரெண்டு படகு வருது பாருன்னு சனம் கேலி பேசாதா?" என்று கல்யாணத் தரகியிடம் சொல்லி அனுப்பினாள். கடைசியில், பல்லக்கிலிருந்து இறங்கி வாசல் தாண்டும்வரை பாவாடைக்கடியில் மரத்தில் செய்த குட்டிப் பாதங்களைக் கட்டிக்கொண்டால் போதும் என்று இறங்கி வந்தாள். எனக்குக் கோபம். உன் தங்கையோ, "பத்தடிதானேம்மா, கூத்தாடுறவங்க மேடை முழுக்க இதோட ஓடுறாங்க" என்று சிரித்தாள்.

பெண்ணோடு போன உன் சித்தப்பா வந்து சொன்னது இது. பல்லக்கு இறங்கியதும் பட்டாசு வெடித்திருக்கிறார்கள். சீர்ப்பெட்டி ஏற்றி வந்த கோவேறு கழுதை மிரண்டு, வண்டியோடு வாசலைப் பார்த்துப் பாய்ந்ததாம். எல்லாரும் சிதறி ஓட, சம்பந்தியம்மா மட்டும் மூன்று அங்குலக் காலோடு சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். சுவோலான் முகத்திரையைப் பிடுங்கி எறிந்து, மரப்பாதங்களை உதறிவிட்டு, வெறும் காலுறையோடு ஓடிப்போய் மாமியாரை இடுப்போடு தூக்கிக் கதவுக்குள்ளே போட்டாளாம். வண்டி கதவுத்தூணில் மோதி நின்றது. மரப்பாதம் ஒன்று வாசலோரம் இருந்த காடிச் சாடிக்குள் மிதந்ததாம். சனம் சுவோலானின் காலையே பார்க்க, சம்பந்தியம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "என்ன பாக்குறீங்க? என் மருமக காலு பெருசுதான். அதனாலதான் நான் உசுரோட இருக்கேன். விருந்து ஆறுது, உக்காருங்க" என்றாளாம்.

போன வாரம் சம்பந்தியம்மாவே இங்கு வந்தாள். அப்பாவைச் சந்தைக்குத் துரத்திவிட்டு, கட்டவிழ்த்த என் காலைக் காட்டச் சொன்னாள். "அவுத்தா வலிக்குமா சம்பந்தி?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் மறைக்கவில்லை. ஒடிஞ்ச எலும்பு நிமிராது, முதல் மாசம் அழுதுக்கிட்டேதான் நடந்தேன், இப்போ தடியில்லாம கிணறுவரை போறேன் என்றேன். வெந்நீர் வைத்து, அவள் காலில் இருந்த நாற்பது வருடத்துத் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தோம். வலியில் என் தோளைக் கடித்தாள். பிறகு பல் தடத்தைப் பார்த்து இருவருமே சிரித்துவிட்டோம்.

அவள் போன பிறகு உன் ஞாபகம்தான். ஆறு வயதில் உன் காலைக் கட்டியது நான். நீ கத்தக் கத்த நாலு மாதம் கட்டினேன், நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட வேண்டுமே என்று. அப்பா கத்தரிக்கோலால் துணியை வெட்டிப் போட்டபோது அவரோடு மூன்று நாள் பேசவில்லை. உன் இடது கால் சுண்டுவிரல் மடங்கியது என்னால்தான். இதுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன் மகளே.

குளிர் போகும்வரை கம்பளிக் காலுறையைக் கழற்றாதே, அனுப்பிய பேரீச்சையைத் தோழிகளோடு பங்கிட்டுச் சாப்பிடு. நீண்ட ஆயுளோடு நல்ல வாத்தியாரம்மாவாக வா. சம்பந்தியம்மா உனக்கு ஒரு ஜோடி செருப்பு தைக்கப் போகிறாளாம். பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. வெட்கப்பட்டு ஒரு நூல்கூடக் குறைக்காதே.

உன் அம்மா,
லியூ