ஆறு மணி போன்

ஞாயிறு. குடிய விட்டு 16வது நாள். வெயில் மண்டைய பொளக்குது.

இல்லக்கா, குடிக்கல. காலையில இருந்து மூணு வாட்டி கேட்டாச்சி. வாய ஊதிக் காட்டினேன். "பாக்கு போட்டியா?"ன்னு அடுத்த கேள்வி. பல்லு வெளக்கினா கூட சந்தேகம்.

சாயங்காலம் கூட்டம். வேங்கிக்கால், ட்யூஷன் சென்டர் மாடி. சுவத்துல வாய்ப்பாடு, அதுக்குக் கீழ பதினோரு குடிகாரனுங்க. பேரு மட்டும் சொன்னா போதுமாம். மொதல்ல ஒருத்தரு எழுந்தாரு: "என் பேரு பாபு, நான் குடிநோயாளி." எல்லாரும் சேந்து "வணக்கம் பாபு". பாலிடெக்னிக் அட்டண்டன்ஸே தேவலாம். டீ, பிஸ்கட் ஃப்ரீ. சும்மா எவன் பிஸ்கட் குடுப்பான்? என்னமோ இருக்கு.

பாபு அண்ணன்தான் எனக்குத் துணையாம். ஷேர் ஆட்டோ ஓட்றாரு. ரெண்டு வருஷமா தொடல. டெய்லி சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அவருக்கு போன் போடணும். விஷயம் இல்லன்னாலும்.

"இன்னாண்ணா பேசறது?"

"இன்னா சாப்ட்டன்னு சொல்லு. அது போதும்."

திங்கள். 17. வெயில் கம்மி.

வேல பாக்கற லாட்ஜ்ல ஏழு ரூம் கூட்டினேன். பெட்ஷீட் 14. மூணாம் நம்பர் வெள்ளக்காரம்மா தியானம், தட்டக் கூடாதாம்.

ஆறு மணி போன்.

"இட்லி சாப்ட்டேண்ணா."

"எத்தினி?"

"நாலு."

"சட்னியா சாம்பாரா?"

போலீஸ் கூட இவ்ளோ கேக்க மாட்டான். கை நடுக்கம் நின்னுடுச்சின்னு சொன்னேன். அவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தா அக்கா கேக்குது: "நடுக்கம் நின்னுடுச்சா?"

ஓ. இப்படிப் போவுதா கதை.

செவ்வாய். 18. தூக்கம் இல்ல.

ஒரு பொய் விட்டுப் பாத்தேன். "வேல போச்சிண்ணா. ஓனரு தொறத்திட்டாரு." இது அக்கா காதுக்கு வந்தா, பாபு அக்கா வெச்ச உளவாளி. சிம்பிள்.

அண்ணன் சொன்னது இவ்ளோதான்: "சரி விடு. சாப்ட்டியா?"

புதன். 19. காலையில தூறல்.

அக்கா வேலையப் பத்தி மூச்சு விடல. நானே வாயக் கிண்டினேன்.

"நடுக்கம் நின்னுச்சின்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? காபி குடிக்கும்போது டம்ளரு பல்லுல இடிக்கற சத்தம் கேக்கல. அதான் கேட்டேன்."

நடிக்குதா? தெரியல. நடிக்கல போல.

வியாழன். 20. மேகமூட்டம். மூணு மணிக்கு மேல. பஸ் ஸ்டாண்டு.

சீக்கிரம் எழுதணும். ரெண்டரைக்கு பாபு அண்ணனே போன் பண்ணாரு.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"கீழ்பென்னாத்தூரு. மச்சான் ரைஸ்மில்லு மேஸ்திரி. உனக்கு வேல கேட்டு வந்தேன்."

செவ்வாய்க்கெழம நான் விட்ட பொய்யி.

"வேல ஓகே. அந்த சந்தோஷத்துல பாட்டில தொறந்துட்டான். நான் எழுந்து வந்துட்டேன். இப்ப ஒயின்ஷாப் எதிர்ல நிக்கறேன் தினேசு. ஆட்டோவ எடுக்கணும். கை வரல. நீ இன்னா சாப்ட்ட, சொல்லு."

நாடகம்னுதான் நெனச்சேன். புது ஆளுக்கு டெஸ்ட்டு வெக்கறானுங்க. அப்ப பக்கத்துல எவனோ கேட்டான்: "அண்ணா, ஒரு குவாட்டரு, பாதி பாதி போட்டுக்கலாமா?"

அண்ணன் வேணாம்னு சொல்லல.

நான் கத்தினேன். லெமன் சாதம்ணா. ஊறுகா. அப்பளம் ரெண்டு, ஒண்ணு நமுத்துப் போச்சி. தண்ணி ஒரு சொம்பு. "நேத்து?" நேத்து கிச்சடி. முந்தா நேத்து, தெரியல, எதையோ சொன்னேன்.

கூட்டத்துல குடுத்த நம்பர் லிஸ்ட் வீட்ல இருக்கு; லைன கட் பண்ணாம அக்காவுக்கு மெசேஜ் போட்டு, அதுல ஒருத்தர கூப்ட சொன்னேன். வேலூர்ல இருக்காராம், வர மூணு மணி நேரம் ஆவும். நான் போனா முக்கா மணி. ஓனர்கிட்ட வயித்துவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன். இன்னொரு பொய்.

வேல போகலன்னு இப்ப போன்ல சொன்னா நேரா உள்ள போயிடுவாரு. நேர்ல சொல்லணும். அறைஞ்சாலும் பரவால்ல, ஆட்டோவுல ஏத்தி உக்கார வெச்சிட்டு சொல்லணும்.

நானும் அதே கடை எதிர்லதான் போய் நிக்கணும். இருபதாவது நாளு.

இயர்போன் காதுலதான் இருக்கு. அண்ணன் மூச்சு மட்டும் கேக்குது.

இருக்கேண்ணா. கட் பண்ணாதீங்க. கீழ்பென்னாத்தூரு வழியா போற செஞ்சி பஸ் வந்துடுச்சி, போகணும்