பெட்ரோல் முள் சரியாகிவிட்டது

மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் உன் அண்ணன் வீட்டாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், கேட்பது என் கடமை, கேட்டாயிற்று. ஏம்மா உர்ருன்னு இருக்கே என்று போனில் கேட்டாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. என் பழைய காரின் பெட்ரோல் முள் சரியாகிவிட்டது. கெடுத்தது யார் என்பதும் தெரிந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படி.

நீ லீவு முடிந்து போன மறுநாள் சித்தியின் கால் விரல் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். சாவியைத் திருப்பினால் முள் ஒரேயடியாகக் கீழே படுத்துக் கிடக்கிறது. பதறிப்போய் பங்கில் நிறுத்தி இறங்கினால், அங்கிருந்த ஆள் ஊற்ற ஆரம்பித்ததுமே வழிந்து என் செருப்பெல்லாம் பெட்ரோல், ஃபுல் டேங்க்கை வச்சுக்கிட்டு எதுக்கும்மா வந்தீங்க என்று அவன் சிரிக்கிறான், வரிசையில் நின்றவர்களும் சிரிக்கிறார்கள். உன் அண்ணனிடம் சொன்னேன். எட்டிக்கூடப் பார்க்காமல், தங்கச்சியைவிட மூத்த வண்டிம்மா இது, சாமான் எங்கயும் கிடைக்காது, நடுரோட்டுல நின்னா யாரு தள்ளுறது, பேசாம மூடி வைங்க என்றான். நானும் புத்திகெட்டுப்போய் உறையைப் போட்டு மூடினேன். சித்தி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். ஆறி வந்த காலை ஒருத்தன் பூட்ஸோடு மிதித்துவிட்டான், புண் பிளந்துவிட்டது. இனிமேல் இவரைப் பஸ்ஸில் கூட்டி வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கேட்டுக்கொள், உன் சித்தியின் விரல்.

அன்றைக்கே உறையை உருவிப் போட்டேன். தெருமுனை மெக்கானிக், நீ அவசரம் என்று பெயர் வைத்தாயே அவன்தான், வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மீட்டர் போச்சு, புதுசுதான் என்றான். அவனுக்குக் காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். ரேடியோ கம்பெனியில் தலை நரைக்கிற வரைக்கும் ஒயர் இணைத்தவளுக்கு இது பெரிய வித்தையா. பக்கத்தில் இருக்கிற, எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறுகிறது, அப்படியென்றால் கரண்ட் வருகிறது, ஃபியூஸ் போகவில்லை. மிச்சம் இருப்பது முன்னால் மீட்டர், பின்னால் டேங்க்குக்குள் பெட்ரோலோடு ஏறி இறங்குகிற மிதவை, நடுவில் ஓடுகிற ஒயர். டேங்க் பக்கம் ஒயரைக் கழற்றி வண்டியின் இரும்பில் தொட்டால் முள் மேலே ஏற வேண்டும், ஏறினால் மீட்டரும் ஒயரும் நல்லது, கோளாறு மிதவையில். சித்தியை முன் சீட்டில் முள்ளைப் பார்க்க உட்கார வைத்துவிட்டு டிக்கி விரிப்பைத் தூக்கினேன். நான் கழற்ற வேண்டிய ஒயர் ஏற்கெனவே கழன்றிருந்தது. தானாகக் கழன்றதில்லை, நுனியில் டேப் சுற்றி விரிப்புக்கு அடியில் செருகி வைத்திருந்தது. டேப்பை உரித்து இரும்பில் தொட்டேன், அக்கா ஏறுது ஏறுது என்று சித்தி தெருவுக்கே கேட்கக் கத்தினாள். அதன் இடத்தில் மாட்டினேன், முள் கொஞ்சம் இறங்கி நின்றது. டேங்க்குக்குள் குச்சி விட்டு அளந்து பார்த்தேன், முள் பொய் சொல்லவில்லை. அந்த வண்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

உரித்த டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே டிக்கி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அதன் நுனி மடித்து ஒட்டியிருந்தது. பின்னால் வந்து பிரிக்கிறவர்கள் நகத்தால் சுரண்டிக்கொண்டு கிடக்கக் கூடாது என்று நுனியை மடித்துவிடுவது ரேடியோ கம்பெனியில் எங்கள் மேசைப் பழக்கம், இந்த வீட்டில் அதை ஒருத்திக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன். உன் அண்ணனுக்கு பல்பு மாட்டவே வராது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன், காது சிவந்துபோய், நீங்க கேட் தூண்ல இடிச்சதைப் பார்த்து அவ பயந்துட்டாம்மா, அவதான் இப்படிச் சொல்லச் சொன்னா என்று கக்கிவிட்டான். இனிமேல் உன் திருட்டு வேலைக்கு அவனைக் கூட்டுச் சேர்க்காதே, பாவம், அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

பயமாக இருந்தால் வாய் எங்கே போயிற்று உனக்கு? அம்மா, நீ ஓட்டுறது எனக்குப் பயமா இருக்கு என்று என் எதிரில் நின்று சொல்லியிருக்க வேண்டியதுதானே. சண்டை போட்டிருப்பேன், ஆமாம், போட்டிருப்பேன், அதற்குப் பயந்தா வண்டியை ஊமையாக்கிவிட்டு விமானம் ஏறினாய்? போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, ஜாக்கிரதையா இரும்மா என்று வேறு சொன்னாயே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட் தூண் தெரியாத இந்தக் கண்ணுக்குத்தான் விரிப்புக்கு அடியில் கிடந்த ஒயர் தெரிந்தது. என் சம்பளத்தில் வாங்கிய வண்டி, நிறுத்தவேண்டிய நாளில் நானே நிறுத்துவேன். இப்போது சித்தியை நான்தான் கூட்டிப் போகிறேன், விரல் தப்பித்துவிடும் என்கிறார் டாக்டர். தப்பாமல் போயிருந்தால் இந்தக் கடிதமும் வந்திருக்காது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நான் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஒளித்து வைக்கிறவள், சுலபமாகப் பிரிக்க வரும்படி நுனியை எதற்கடி மடித்தாய்?

குழந்தைக்கு இருமல் என்றாய், ஐஸ் தண்ணீர் கொடுக்காதே. மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லாதே, மானம் போகும். நன்றாக இரு, ஆசீர்வாதமும் இருக்கிறது கோபமும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள். மறக்காதே, அடுத்த முறை வரும்போது டாக்சி பிடிக்கக் கூடாது, ஏர்போர்ட்டுக்கு நானே வருவேன். முன் சீட்டு சித்திக்கு, நீ பின்னால்தான்.

இப்படிக்கு,
வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா

அந்த டேப்பை இதற்குக் கீழே ஒட்டியிருக்கிறேன், அடியில் உனக்கு ஒரு வரி எழுதியிருக்கிறது. சுரண்ட வேண்டாம், நுனியை மடித்துத்தான் விட்டிருக்கிறேன்.