கஞ்சியில் உப்பு

எட்டாம் மாதம் 3

கால் வீக்கம் வற்றவில்லை. இந்தக் குகைக்கு வந்து பதினாறு நாள். என்னைப் பிடிக்கச் சந்தையில் பட்டாளம் என் படத்தை ஒட்டியிருக்கிறதாம். "மூக்கைப் பூசணிக்காயா வரைஞ்சிருக்கான்பா, உன்னை எவனும் கண்டுபிடிக்க மாட்டான்" என்று தெக்லுங் சிரித்தான். நாங்கள் ஒரே வருடத்தில் பிறந்து, ஒரே கிண்ணத்தில் குடித்துச் சகோதரர் ஆனவர்கள்.

குகையின் பின்பக்கம் ஆள் நுழையும் பொந்து ஒன்று இருக்கிறது. அவனிடம்கூடச் சொல்லவில்லை. ஏன்? தெரியாது. இப்போதெல்லாம் என் நிழலையே இரண்டு முறை பார்க்கிறேன்.

எட்டாம் மாதம் 5

சோளக்கஞ்சியில் உப்பு.

மலைக்கு உப்பு ஏறாமல் பட்டாளம் வழியை மறித்து ஏழு மாதம் ஆகிறது. உப்புப் பொட்டலம் வைத்திருப்பவன் பட்டாளத்து ஆள் — என் ஆட்களுக்கு நானே போட்ட விதி. நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் வந்தது. ருசியாலா, பயத்தாலா?

எட்டாம் மாதம் 6

எங்களுக்குக் கஞ்சி கொண்டுவரும் தாலான் தினமும் எதிர் மலையிலிருந்து ஒரு வரி பாடுவாள். ஆபத்து இல்லையென்றால் தெக்லுங் மறுவரி பாடுவான். அவள் அத்திமரத்தடியில் பானையை வைத்துவிட்டுப் போவாள். அவன் எடுத்து வருவான்.

உப்பைப் பற்றிக் கேட்டேன். "அவ சமையல், எனக்கென்ன தெரியும்?" என்றான்.

எட்டாம் மாதம் 7

இன்று உப்பு இல்லை. என் நாக்குதான் கெட்டுவிட்டதோ.

எட்டாம் மாதம் 9

மறுபடியும் உப்பு! தாலானின் கொழுந்தனைப் பட்டாளம் போன வாரம் விட்டுவிட்டதாம். பிடித்தவனைச் சும்மா விடுவார்களா? இவள் கணவன் என்னோடு நின்று போராடிச் செத்தவன். அவன் பெண்டாட்டியைச் சந்தேகிக்க எனக்கு வெட்கமாக இல்லையா? இருக்கிறது. ஆனாலும்...

எட்டாம் மாதம் 10

தாலானை மேலே வரச்சொல்லி நேராகவே கேட்டேன்.

"உப்பா? என் பிள்ளைங்க உப்புக்குப் பதிலா மரச்சாம்பலக் கரைச்சுக் குடிக்குதுங்க, உங்களுக்கு உப்புப் போடுறேனா? நான் கொண்டாந்த கஞ்சி சப்புன்னுதான்ணே இருக்கும்."

"கொழுந்தனை ஏன் விட்டாங்க?"

"இருமி இருமி ரத்தமா துப்பினான். சாகத்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க." அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "என் புருஷனைப் புதைச்ச நீங்களே இப்படிக் கேக்கறீங்களேண்ணே."

இனி வராதே என்றேன். கொண்டுவந்த சோளமாவு மூட்டையை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் செய்தது சரிதானே? சரிதான்.

எட்டாம் மாதம் 13

எதிர் மலையில் பாட்டு இல்லை. மூன்று நாளாக தெக்லுங்தான் காய்ச்சுகிறான்.

இன்றைய கஞ்சியில் உப்பு.

மாவை நக்கிப் பார்த்தேன். வெறும் மாவு. கிண்ணத்தை மறுபடி நக்கினேன். உப்பு. ஐயோ, தாலான்...

"நல்லா இருக்காப்பா?" என்று கேட்டான். "நல்லா இருக்குடா" என்றேன். நான் மெலிந்து போனதைப் பொறுக்காமல் போட்டிருப்பான் பாவி. அதுதான் நெஞ்சைக் கொல்கிறது. துப்பாக்கி என் மடியில்தான் இருந்தது. முடியவில்லை.

நாளைக் காலை தேன் எடுக்கப் போகிறானாம். இந்த மாதத்தில் ஏது தேன்?

எட்டாம் மாதம் 15

நேற்று அவன் தலை மறைந்ததும் பொந்து வழியாக வெளியே வந்தேன். வழியெல்லாம் தவழ்ந்தேன். தாலான் வீட்டின் பின்னால் நின்று மறுவரியைப் பாடினேன். பிறகு கதவு திறந்தது. "எருமை கத்துற மாதிரி இருந்துச்சு. அதான் நீங்கன்னு நம்பினேன்."

இதைச் சோளப் பரணில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் குகைப் பக்கம் சுடும் சத்தம் கேட்டது. வெற்றுக் குகை. பட்டாளத்துக்கு முன்னால் நடந்து வழி காட்டியவன் யார் என்று தாலான் கேட்கவில்லை.

கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். "சந்தேகம் இருந்தா நான் முதல்ல குடிச்சுக் காட்டவாண்ணே?"

தலை குனிந்து குடித்தேன். உப்பே இல்லை. இன்னொரு கிண்ணம் கேட்டேன்.