ஆறாவது வரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்குப் பதில் போடு என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. இங்கேயும் சுகமில்லை, அங்கேயும் சுகமில்லை, நம் இரண்டு பேருக்குள் எதற்குப் பூசி மெழுக வேண்டும். எப்போது கூப்பிட்டாலும் மாப்பிள்ளைதான் போனை எடுக்கிறார். "சுவரப் பாத்துப் படுத்திருக்கா அத்தை, கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கிறா" என்று சொல்லிவிட்டு அவரும் போனை வைத்துவிடுகிறார். ஏழு மாதம் சுமந்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு வந்தவளிடம் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் கடிதம். உன் தலைமாட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மனம் வரும்போது படி, ஒரே மூச்சில் படிக்க வேண்டும் என்றில்லை. மார்பில் பால் கட்டி வலித்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே, காய்ச்சலில் கொண்டுபோய் விடும். மாப்பிள்ளை மேல் எரிந்து விழாதே, அவருக்கும் பிள்ளைதான் போயிற்று.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது வயிற்றில் பிள்ளையோடு நீ விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் அவரை இந்தக் கோலத்தில் நீ பார்க்கவில்லை. வலது கையும் காலும் இன்னும் அசையவில்லை. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. தண்ணீர் என்று சொல்ல வாயைத் திறப்பார், காற்றுதான் வரும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை, எது என்று நினைக்கிறாய்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில், உச்சிக் கூண்டில் தனியாக உட்கார்ந்து ஒரு கவிதை கட்டினாரே, காலையில் அதைக் கத்திக் கத்தியே உன்னை எழுப்புவாரே, அது அப்படியே இருக்கிறது. பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் கண்டுபிடித்தாள். "மனப்பாடமா இருக்கிறது மூளையில வேற இடத்துல தங்கியிருக்கும்மா, சில பேருக்கு அது மட்டும் வரும்" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெண்டாட்டி பெயர் மறந்துவிட்டது, கிரேன் பாட்டு மறக்கவில்லை. உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்:

கயிறே நடுங்காதே, கனம்தான் உன் தொழில்.
காற்றே வா, வந்து ஆட்டிப் பார்.
கீழே நிற்பவனும் ஒரு வீட்டுப் பிள்ளை.
மேலே இருப்பவனுக்குத் தலை சுற்றக் கூடாது.
எடுத்த பாரத்தை நடுவானில் விடாதே.

இதைக் கேட்டால் நெஞ்சில் தைரியம் ஊறும் என்று அவர் மார் தட்டுவார். ஊருக்கெல்லாம் தைரியம் சொன்ன மனுஷன் பல் பிடுங்கப் போவதற்கு என்னைத் துணைக்குக் கூட்டிப் போனார் என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் ஒரு நாளும் அந்தக் கவிதையை மதித்ததில்லை. இப்போது அதை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. முதல் வரியில் நிறுத்தினால் தண்ணீர். இரண்டாவதில் நிறுத்தினால் சிறுநீர்ப் பாத்திரம். மூன்றாவது, புரட்டிப் படுக்க வை. நான்காவது, வலிக்கிறது. சிரமம் என்னவென்றால் அவரால் நடுவிலிருந்து ஆரம்பிக்க முடியாது, எப்போதும் கயிற்றிலிருந்துதான் வர வேண்டும். வலிக்கிறது என்று சொல்வதற்குக்கூட நான்கு வரி வீரம் பேசியாக வேண்டும். வேர்க்க விறுவிறுக்க, வாய் கோணி, ஒவ்வொரு சொல்லாக அவர் இழுத்து முடிப்பதற்குள் இரண்டு தடவை நெற்றியைத் துடைத்துவிடுவேன்.

போன வாரம் மாடி வீட்டுக்காரர் பார்க்க வந்தார். வருகிறவர்கள் எல்லோரும் தன்னம்பிக்கைக் கவிதையாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், உன் சித்தப்பா போனில் அனுப்புவது தனி. எழுந்து வா, வென்று வா என்று. எழ முடிந்தால் எழ மாட்டாரா? நான் அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்பா "காற்றே வா" என்று கூவியதும் மாடி வீட்டுக்காரர் கை தட்டி, "அப்படிச் சொல்லுங்க சார், இதுதான் வேணும், இன்னொரு தடவை" என்றார். அப்பா இன்னும் உரக்கச் சொல்ல, அவர் இன்னும் பலமாகத் தட்ட, நான் ஓடி வருவதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். விஷயம் புரிந்ததும் அந்த மனுஷர் பாவம் செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார். விரிப்பை அலசும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்படியே அழுகையாக மாறப் பார்த்தது, குழாயை வேகமாகத் திறந்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

உன் பிள்ளை போன செய்தியை அவரிடம் மறைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கேட்டதும் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஆரம்பித்தார், கயிறே என்று. நான் தண்ணீரை எடுத்தேன், நிறுத்தவில்லை. பாத்திரத்தை எடுத்தேன், நிறுத்தவில்லை. ஐந்தாவது வரி வரைக்கும் போனார், நிறுத்தினார், வாசல் கதவைப் பார்த்தார். ஐந்தாவது வரிக்கு நாங்கள் எதையும் வைக்கவில்லை. போர்வையா, விளக்கா, சித்தப்பாவைக் கூப்பிடவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். மறுபடி முதலிலிருந்து சொல்லி மறுபடி ஐந்தில் நின்று மறுபடி கதவைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பரீட்சைக்குப் போகும்போது, முதல் வேலைக்குப் போகும்போது, விமானம் ஏறப் புறப்பட்டபோதும், நீ வாசலில் குனிந்து ஷூ மாட்டுவாய், அவர் ஐந்து வரி சொல்வார், நீ நிமிராமலே ஆறாவதைக் கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஓடுவாய். அந்த வரியை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அது உன்னுடையது.

நான் சொல்லிப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா சொன்னார், இடது கையால் டம்ளரைத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. கரண்டியை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், உடம்பு இன்னொரு அடியைத் தாங்காது என்று டாக்டர் என்னை வெளியே அழைத்துச் சொல்லிவிட்டார். நான் பயந்துபோயிருக்கிறேன். படுத்துக் கிடப்பவள் தலையில் பாரத்தை ஏற்றுகிற பேச்சு இது என்று தெரியும், அதற்காக என்னைத் திட்டிக்கொள். சொல்லாமல் இருந்து, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால், அதைவிடப் பெரிய பாரமாக அது உன் மேல் விழும்.

தையல் பட்டறைக்கு அரை நாள்தான் போகிறேன், அந்த நேரம் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். நேற்று சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா அடித்துக்கொண்டிருந்தேன், பக்கத்து மிஷின்காரி திரும்பிப் பார்த்து, "என்னக்கா முணுமுணுக்கிறீங்க, கயிறு கயிறுன்னு" என்றாள். நான் அந்தக் கவிதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். தைரியம் ஊறிற்றா என்று கேட்காதே, ஊறவில்லை. ஆனால் கை நடுங்காமல் அந்தக் கட்டுச் சட்டைகளை முடித்துவிட்டேன். அவர் கூண்டில் தனியாக உட்கார்ந்து இதை எதற்குக் கட்டினார் என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு புரிகிறது. பயமில்லாதவருக்கு இது தேவைப்பட்டிருக்காது.

இறக்கி வைத்த பிறகு அழுதுகொள்ளலாம். அதுதானே உன் வரி. என்னால் இன்னும் அழ முடியாது, என் கையில் அவர் இருக்கிறார். நீ அழலாம். சுவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு கிடக்காதே, சத்தம் போட்டு அழு, மாப்பிள்ளையையும் அழ விடு.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் முகம் துடைத்து உட்கார்ந்ததும் நான் கூப்பிடுவேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன், நீயும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். போனை அவர் காதில் வைப்பேன். அவர் ஐந்து வரி சொல்லி முடிக்க நேரம் ஆகும், பொறுமையாகக் கேள். அப்புறம் உன் வரியைச் சொல். குரல் வராவிட்டால் அழுகையாகவே இருக்கட்டும், அது யார் குரல் என்று அவருக்குத் தெரியும்.

உன் உடம்பு தேறட்டும், மனம் தேறட்டும், இருவரும் நன்றாக இருங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, வெந்நீர் குடி. போன் அடித்தால் இந்த ஒரு தடவை நீயே எடு. அப்பா ஐந்தாவது வரியில் நிற்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா