சக்கரவர்த்தி தையல்

பிப்ரவரி 3
ஆறு வருட ஆராய்ச்சியைத் துறைத் தலைவர் மேசைமேல் வைத்தேன். "பார்க்கலாம்" என்றார். இது நான்காவது "பார்க்கலாம்".

கணையத்தின் தலையை வெட்டி எடுத்தால், மிச்சத்தைக் குடலோடு தைக்க வேண்டும். கணையமோ வெண்ணெய், ஊசி போன வழியிலேயே கிழியும். தையல் கசிந்தால் அதன் நீர் சுற்றியுள்ளதையெல்லாம் அரித்துவிடும். இதற்கென்று எங்கள் துறைத் தலைவர் ஒரு தையல் கண்டுபிடித்துத் தன் பெயரையே அதற்கு வைத்தார். அவர் இல்லாதபோது நாங்கள் அவரை 'சக்கரவர்த்தி' என்போம், அதை 'சக்கரவர்த்தி தையல்' என்போம். நோயாளிகளின் சம்மதத்தோடு சீட்டுப் போட்டு, பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்குச் சாதாத் தையலையும் போட்டோம். தன்னுடையதுதான் ஜெயிக்கும் என்று நம்பி அவரே ஆசீர்வதித்த ஆராய்ச்சி. ஜெயித்தது சாதா.

அவர் சம்மதம் இல்லாமல் கட்டுரை இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது.

பிப்ரவரி 9
அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "தையல்ல குறை இல்லைம்மா. தைச்ச கை சரியில்லை."

தைத்ததில் பாதி அவருடைய கை. சொல்ல வாய் வரை வந்தது. வாய் வரைக்கும்தான்.

பிப்ரவரி 10
அம்மா போனில். அக்கம்பக்கத்தில் என்னை 'ஈரல் டாக்டர்' என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். "கணையம்னா யாருக்குடி தெரியுது?" ஈரலும் பார்க்கிறேன்தான். ஆனாலும் பாவம் கணையம். வயிற்றுக்குள்ளேயும் பின்வரிசை, அம்மாவிடமும் பின்வரிசை.

பிப்ரவரி 21
சக்கரவர்த்தியின் அண்ணனுக்குக் காமாலை. ஸ்கேனில் கணையத் தலையில் கட்டி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வார்டில் படுத்துக்கொண்டே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசுகிறார்.

பிப்ரவரி 24
படிக்கட்டருகே நிறுத்தினார். "அண்ணனுக்கு நீயே பண்ணிடும்மா."

சரி சார் என்றேன். அவர் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சாதாவே போட்டுடு."

தெரிந்திருக்கிறது! எப்போதிலிருந்து? முதல் "பார்க்கலாம்" சொன்னபோதேவா? அவர் அண்ணன்னா சாதா. அப்போ மத்தவங்க அண்ணன் தம்பியெல்லாம் என்ன, கிழிஞ்ச துணியா?

கட்டுரையை விடுங்கள், தைக்கிறேன் என்று அங்கேயே பேரம் பேசியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. என் வாய்க்கு இதுவே பிழைப்பு.

மார்ச் 1
முடிந்தது. சாதா. அவர் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை திருத்தவில்லை. மயக்க மருந்து டாக்டர் என் பழைய தோழி. முகமூடிக்கு மேலே தெரிந்த அவள் கண்கள் முழு நேரமும் சிரித்தன.

மார்ச் 6
கசிவு இல்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று வாத்தியார் நர்சைத் திட்டினார். நல்ல அறிகுறி.

ஏப்ரல் 26
கருத்தரங்கு. சக்கரவர்த்தி தன் தையலைப் பற்றிப் பேசினார், வழக்கம்போல் மணி அடித்த பிறகும். கடைசியில் குரல் தழுதழுக்க, "என் சொந்த அண்ணனே இங்க உட்கார்ந்திருக்கார்" என்று முன்வரிசையைக் காட்டினார். கைதட்டல். எனக்குக் காது சுட்டது. இப்படியுமா ஒரு மனுஷன்?

வாத்தியார் எழுந்தார். கும்பிடுவார் என்று நினைத்தேன்.

"டேய், எனக்குப் போட்டது அந்த டாக்டரம்மாவோட சாதாத் தையல். நீதானடா, 'அண்ணே, அதுதான் கசியாது'ன்னு சொன்னே?"

மைக் தேவைப்படவில்லை. தோழிக்கு இருமல் வந்தது. நெடுநேரம் நிற்கவில்லை.

நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

ஏப்ரல் 28
சக்கரவர்த்தி என்னை அறைக்குக் கூப்பிடவில்லை. வராந்தாவில் எதிரே வந்தவர் பாதி வழியில் ஏதோ மறந்ததுபோல் திரும்பிப் போனார்.

மே 6
கை கழுவும்போது புது ஜூனியர் என்னைக் கேட்டான், இன்றைக்கு எந்தத் தையல் என்று. நான் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குழாயிலிருந்து பதில் வந்தது: "சாதா." சக்கரவர்த்தி தலை நிமிரவில்லை.

கட்டுரை நேற்று மேசைக்குத் திரும்பி வந்தது, சம்மதத்தோடு. ஒரே ஒரு திருத்தம். அவர் பெயர் வரும் இடத்தையெல்லாம் அடித்து, 'பழைய முறை' என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.