பொதுத் தண்ணீர்

4.4.2006, செவ்வாய்

முதல் ஷிப்ட் முடிந்து நாலரைக்கே தாம்பரம் வந்துவிட்டேன். சட்டையைக்கூட மாற்றாமல் ஜவ்வாது மலை வரைபடத்தைத் தரையில் விரித்து உட்கார்ந்தாயிற்று. கடையில் வாங்கிய வரைபடம் இல்லை. ஜனவரியில் நானும் தேவானந்தமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தபிறகு, நானே ஸ்கேல் வைத்துப் போட்டது. வருஷப் பிறப்பு வெள்ளிக்கிழமை வருகிறது. சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள். இந்த முறை குடும்பத்தோடு.

ஆறு பேர். நான், ஜோதி, எங்கள் நிஷா (ஒன்பது வயது, என்னைவிட நன்றாக நடப்பாள்), கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் தேவானந்தம், அவன் மனைவி கனகவல்லி, ஜோதியின் தம்பி லோகு. லோகு மேடவாக்கத்தில் தண்ணி லாரி ஓட்டுகிறான். கோடையில் அவனுக்கு லீவு கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஓனரோடு சண்டை போட்டு வாங்கியிருக்கிறான். "மாமா, நான் பாத்த ஒரே மலை இன்னா தெரியுமா? திரிசூலத்து மலைதான். அதுவும் ரயில்ல போவசொல்ல" என்று சிரித்தான்.

ஏறும் வழியில் ஓர் ஓடை உண்டு. ஜனவரியில் கணுக்கால் அளவு ஓடியது. அதனால் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் போதும். "சித்திரையில ஓடுமாடா?" என்று தேவானந்தம் கேட்டான். நான் கணக்குப் போட்டாச்சு என்றேன். அவனுக்கு எதிலும் சந்தேகம்.

7.4.2006, வெள்ளி

பல்லாவரம் சந்தை. பட்டாளத்துப் பழைய முதுகுப் பைகள் நாலு வாங்கினோம், பட்டை எல்லாம் கெட்டி. மூன்று லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்று, திருகு மூடியோடு. அதுதான் பொதுத் தண்ணீர். அவசரத்துக்கு மட்டும். நம்மில் பலசாலி லோகு, அவன் பையில் இருக்கட்டும் என்று சொன்னேன். மெடல் கொடுத்ததுபோல் அவனுக்கு ஒரே பெருமை.

13.4.2006, வியாழன்

விதிகளை எழுதி எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மூன்றாவது விதி: பொதுத் தண்ணீரை நாலு மணிக்கு முன் யாரும் தொடக்கூடாது. கேட்கவும் கூடாது. "தாகம் மனசுலதான் இருக்கு, நாக்குல இல்ல" என்றேன். கனகவல்லி, "அண்ணா, எங்களை எல்லைக்கு அனுப்பறீங்களா, மலைக்கா?" என்று கேட்டாள். சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரு கூட்டத்துக்குத் தலைவன் என்று ஒருத்தன் வேண்டாமா?

16.4.2006, ஞாயிறு

பத்திரமாக வந்து சேர்ந்தோம். ஓடை வறண்டு கிடந்தது. லோகு பையில் இருந்த கேன் கவிழ்ந்து மூன்று லிட்டரும் வீணாகிவிட்டது. மூடியைச் சரியாகத் திருகவில்லை போலும். நிஷாவுக்கு மயக்கம் வந்துவிட்டது. லோகு கீழே ஊருக்கு ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அவன் காலில் நாலு தையல். இப்போது எல்லோரும் நலம்.

17.4.2006, திங்கள்

நேற்று எழுதியது பொய்.

இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. ஜோதிகூடத் தொடமாட்டாள். அப்புறம் யாருக்காகப் பொய் எழுதினேன்? எனக்கே எனக்கா?

நடந்ததை எழுதுகிறேன். சனிக்கிழமை நடுப்பகலில் ஓடைக்குப் போய்ச் சேர்ந்தோம். கல்தான் இருந்தது. ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேவானந்தம்கூட. ஒரு மணிக்கெல்லாம் அவரவர் பாட்டில் காலி. வந்த வழியே கால் மணி நேரம் திரும்பி நடந்து, ஒரு பெரிய பாறை நிழலில் எல்லோரும் சாய்ந்தார்கள். லோகு பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "கீழண்ட எங்கனா குழில தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு வந்துர்றேன் மாமா" என்று ஓடைப் பக்கம் இறங்கிப் போனான். மற்ற நாலு பேரும் தூங்கிவிட்டார்கள். நான் காவல்.

ஒரு வாய் என்றுதான் திறந்தேன். சத்தியமாக ஒரு வாய். அப்புறம் இன்னொன்று. நிறுத்த முடியவில்லை. கேனைத் தூக்கிப் பார்த்தபோது பாதிக்கு மேல் இல்லை. மூன்றாவது விதியை எழுதிப் படித்துக் காட்டியவன் நான். இவர்கள் எழுந்தால் என்ன சொல்லுவேன்? மீதியை லோகுவின் பைக்குள் கொட்டினேன். மூடியை அரைத் திருகு தளர்த்திக் கேனைப் படுக்க வைத்தேன். அவனுடைய மாற்றுச் சட்டையும் துண்டும் உறிஞ்சிக்கொண்டன. ஐந்து பேருக்கான தண்ணீர். என் பிள்ளைக்கான தண்ணீர். ஐயோ, நானெல்லாம் ஒரு மனுசனா?

லோகு வெறுங்கையோடு வந்து பையைத் திறந்தான். ஈரச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். "தண்ணி லாரி ஓட்டுறவன்கிட்ட மூணு லிட்டரை நம்பிக் குடுத்தா, அதையும் ரோடு பூரா ஊத்திக்கினே வந்துட்டியேப்பா" என்றான் தேவானந்தம். ஜோதி தம்பியைக் கண்டபடி திட்டினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுங்க, பாவம், தெரியாம நடந்துபோச்சு." பெருந்தன்மை!

மூன்று மணிக்கு நிஷா வாந்தி எடுத்தாள். கால் துவண்டு உட்கார்ந்துவிட்டாள். லோகு அந்தக் கேனை எடுத்துக்கொண்டு ஓடினான். ஐந்து மணிக்கு நிறைத்துக்கொண்டு வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை, பாதமெல்லாம் ரத்தம். நிஷா ரெண்டு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "நீ மத்தியானத்துலேர்ந்து குடிக்கவே இல்லையேப்பா."

வாங்கிக் குடித்தேன்.

23.4.2006, ஞாயிறு

லோகு வந்தான், நொண்டிக்கொண்டே. கையில் அந்தக் கேன்.

"மாமா, நான் மூடிய நல்லாத்தான் டைட்டு பண்ணேன். கை வலிக்கத் திருகினேன். அப்பால எப்படி லீக் ஆச்சுன்னு புரியவே மாட்டேங்குது. ஒரே பேஜாரா கீது. உங்க கம்பெனில தொட்டில முக்கிப் பாப்பீங்கல்ல? இத்தையும் ஒரு தபா பாத்து சொல்லு மாமா."

பதினோரு வருஷமாக எனக்கு அதுதான் வேலை. ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றை ஏற்றி, குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் ஒழுகுகிறது, வராவிட்டால் நல்லது. எங்கள் மறைமலை நகர் கம்பெனியில் என் கண்ணுக்கு ஒரு மரியாதை உண்டு.

சரி, பாக்கறேன்டா என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

26.4.2006, புதன்

கேன் என் லாக்கரில் இருக்கிறது. டிபன் பாக்ஸ் எடுக்கும்போதெல்லாம் கையில் இடிக்கிறது.

3.5.2006, புதன்

முக்கிப் பார்த்தேன். தெரிந்தும் பார்த்தேன். இரண்டு கையாலும் அமுக்கினேன். ஒரு குமிழி இல்லை.

மத்தியானம் கேன்டீனில் தேவானந்தம் பேச்சை எடுத்தான். கம்பெனி ஷிப்ட் பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கிறார்கள். அவன் டிரான்ஸ்போர்ட் கமிட்டியில் இருக்கிறான். லோகு பெயரைக் கொடுக்கிறேன் என்று போன மாதமே சொல்லியிருந்தான். லோகுவும் ஊரெல்லாம் சொல்லிவிட்டான், ஆயுசுக்கும் தண்ணி லாரிதானா என்று நொந்துகிடந்தவன். இன்று தேவானந்தம், "தப்பா நெனச்சுக்காத மச்சான். ஒரு பஸ்ஸுல அறுபது பேர் உயிரு. ஒரு மூடியைப் பாத்து மூடத் தெரியாதவன் பேரை நான் எப்படிக் குடுக்கறது? பன்னெண்டாம் தேதி லிஸ்ட் போகுது" என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் சோறு இருந்தது. சோறு இருந்ததாம், பெரிய காரணம்!

5.5.2006, வெள்ளி

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். கேனில் மயிரிழை விரிசல் இருக்கிறது, மூடியின் மேல் தப்பில்லை என்று லோகுவிடமும் தேவானந்தத்திடமும் சொன்னேன். லோகு போனிலேயே கத்தினான். "நான் சொல்லல? நான் சொல்லல மாமா?" ஜோதிக்கும் சந்தோஷம், தம்பியைத் திட்டியதற்கு அழுதாள். யாருக்கும் நஷ்டமில்லை. எல்லாம் சரியாகிவிட்டது.

நிம்மதி என்று எழுத நினைத்தேன். கை வரவில்லை.

9.5.2006, செவ்வாய்

நான் டீக்குப் போயிருந்தபோது தேவானந்தம் பூட்டாமல் கிடந்த என் லாக்கரைத் திறந்து, கேனைத் தொட்டியில் முக்கிப் பார்த்திருக்கிறான். விரிசல் எங்கே என்று பார்க்கும் ஆசையாம். அவனும் இதே செக்ஷன்தானே! அவனும் முக்கிப் பார்ப்பான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? மடையன்.

"மச்சினனைக் காப்பாத்த எனக்கே பொய் சொல்றியா? உன் கண்ணு மேல எவ்ளோ மரியாதை வெச்சிருந்தேன். அவன் பேரை இப்ப நிச்சயமா குடுக்க மாட்டேன்" என்றான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

நான் நல்லவன் என்பதால் பொய் சொன்னதாக அவன் நினைக்கிறான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

10.5.2006, புதன்

இன்னும் இரண்டு நாள்.

12.5.2006, வெள்ளி

சொல்லிவிட்டேன். தொட்டி அருகில், தேவானந்தத்திடம், முழுவதும். அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன்.

"குடிச்சது சரிடா. நாக்கு வறண்டுபோச்சு, குடிச்சிட்ட. கொட்டுனது ஏன்டா?"

அவன் உடனே ஆபீசுக்கு ஓடினான். லிஸ்ட் பதினோரு மணிக்கே போய்விட்டது.

14.5.2006, ஞாயிறு

காலையில் லோகுவை வரச் சொன்னேன். ஜோதியையும் உட்காரச் சொன்னேன். உட்கார வைத்துச் சொல்லும் விஷயமா இது! ஓடை, பாறை, ஒரு வாய், பை, அரைத் திருகு, அப்புறம் பஸ் வேலை. எதையும் விடவில்லை.

லோகு மெதுவாக, "அப்போ... நான் மூடி கரீட்டாதான் போட்டிருந்தேனா மாமா?" என்றான்.

ஆமாம்டா என்றேன். அவன் முகத்தில் முதலில் வந்தது ஒரு தெளிவு. ஒரு மாதமாகச் சுமந்தது இறங்கின தெளிவு. அதற்குப் பிறகுதான் மற்றது புரிந்தது போலிருக்கிறது. எழுந்தான், செருப்பை மாட்டினான், அக்காவிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டான். கால் இன்னும் லேசாக இழுக்கிறது.

ஜோதி சண்டை போடவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு இலை பக்கத்தில் ஒரு டம்ளர் இல்லை, ஒரு குடம் வைத்தாள். நிறைய. "போதுமா?" என்றாள்.

2.6.2006, வெள்ளி

இன்றும் குடம்.

20.8.2006, ஞாயிறு

நிஷா, லோகு மாமா ஏன் வருவதே இல்லை என்று தினமும் கேட்கிறாள். ஜோதி என் முகத்தைப் பார்த்தாள். நானே சொன்னேன். நிஷா வகுப்பில் பாடம் கேட்பதுபோல் கேட்டாள். முடிவில் ஒரே கேள்வி: "அப்போ நான் குடுத்தப்ப ஏன் வாங்கிக் குடிச்ச?"

கூசிப்போய்விட்டேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. மன்னிச்சுடும்மா என்று மட்டும் சொன்னேன்.

6.11.2006, திங்கள்

இன்று முதல் எங்கள் ஷிப்ட் பஸ்ஸை லோகு ஓட்டுகிறான். இன்னொரு இடம் காலியானதும் தேவானந்தமே போய் நின்று பெயரைச் சேர்த்திருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை. இரும்புலியூரில் பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது, டிரைவர் சீட்டில் அவன். நான் பின் படிக்கட்டில் ஏறிவிட்டேன்.

1.12.2006, வெள்ளி

ஒரு மாதமாகப் பின் படிக்கட்டுதான். இன்று லோகு ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "மாமா, முன்னால ஏறு. பின்டோர் லாக் சரியில்ல, வுழுந்து கிழுந்து தொலைக்கப் போற."

ஏழு மாதத்தில் முதல் பேச்சு. முன்னால் ஏறினேன்.

28.1.2007, ஞாயிறு

ஜவ்வாதிலிருந்து இப்போதுதான் வந்தோம். அதே ஆறு பேர், அதே வழி. கேட்டவள் நிஷா. ஏற்பாடு எல்லாம் தேவானந்தம். விதிகள் எதுவும் கிடையாது. அரிசி, கூடாரம், அடுப்பு என் முதுகில். தண்ணீர் முழுவதும் லோகு முதுகில். அது ஜோதி போட்ட நிபந்தனை. அடிவாரத்தில் பையை மாட்டும்போது லோகு என் பக்கம் திரும்பாமலே, "நாக்கு வறண்டா கேளு மாமா. கேட்டா குடுக்கப் போறேன்" என்றான்.

நேற்று அதே பாறைக்குப் பதினோரு மணிக்கே போய்விட்டோம். எல்லோரும் சாய்ந்தார்கள். நிஷா தன் பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, குழந்தை. ஆனாலும் நான் வேறு பக்கம் பார்த்தேன். என் பாட்டில் தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது. சுமை அதிகம், வியர்வை அதிகம். தொண்டை ஒட்டிக்கொண்டது. ஓடைக்கு இன்னும் கால் மணி நேர நடைதான், இந்த முறை ஓடுகிற சத்தமே கேட்டது. பொறுத்துக்கொள்ளலாம். யாரிடமும் கேட்காமலே போய்விடலாம்.

"லோகு" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "தாகமா இருக்குடா. கொஞ்சம் தண்ணி குடு."

அவன் வெள்ளைக் கேனை எடுத்து, திறந்து, கொடுத்தான். நாலு வாய் குடித்தேன், எல்லோரும் பார்க்க. மூடியை நானே இறுக்கித் திருகிக் கொடுத்தேன். லோகு வாங்கி, இன்னொரு தடவை திருகிப் பார்த்துவிட்டு, பைக்குள் வைத்தான்.