மீனுக்கு மட்டும்தான் நேர்ச்சை

என் அருமை சேவியருக்கு,

நீங்கள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறியபோது, நீங்கள் பிழைத்து வந்தால் இனி மீன் தொடுவதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். நீங்கள் வரவில்லை. நான் மீனும் தொடவில்லை.

"அண்ணன் போயிட்டாவ. பொறவு யாருக்கு மைனி இந்த நேர்ச்சை?" என்று உங்கள் தங்கை கேட்டாள். கேட்டது கிடைக்கவில்லை என்பதற்காகச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவதா?

இப்போது வலது காலில் ஒரு புண். செருப்பு வார் கடித்திருக்கிறது. சர்க்கரையால் மரத்த கால், எனக்குத் தெரியவே இல்லை. மருந்து போட்டும் சிவப்பும் வீக்கமும் வற்றவில்லை. இப்படியே போனால் பெருவிரலை எடுக்க நேரும் என்றார் டாக்டரம்மா. யாருடைய விரலையோ சொல்வதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன சாப்பிடுதீங்க?"

"மீன் கிடையாது. நேர்ச்சை."

நம் மகள் ஜெஸி விடவில்லை. "முழுசாச் சொல்லும்மா. டாக்டர், மூணு வேளையும் காப்பியும் ரஸ்க்கும்தான். முட்டை அவிச்சு வச்சா பூனைக்குப் போகுது."

புண்ணுக்கு ஓடிவரும் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அமினோ அமிலங்கள் வேண்டுமாம். புரதம் செரித்துக் கிடைப்பவை. குளூட்டமின் அவற்றுக்கு எரிபொருள். ஆர்ஜினின் இருந்தால்தான் அணுக்கள் பெருகும், புண்ணும் மூடும். டிரிப்டோபன் உடைந்து வருபவை, சண்டை போதும் என்று அணுக்களை அடக்கும். ஒவ்வொரு பெயரையும் டாக்டரம்மாவைத் திருத்தமாகத் திரும்பச் சொல்லவைத்தேன். துறைமுகத்தில் ஆட்கள் வந்து நின்றும் சரக்கு வராத நாட்களைப் பற்றிச் சொல்வீர்களே? வேலையும் நடக்காது, ஆட்களும் கலைய மாட்டார்கள், இரைச்சல் மட்டும் அடங்காது. என் காலில் நடப்பது அதுதான்.

"சாப்பாட்டுல கிடைக்கலைன்னா உடம்பு தன் சதையில இருந்தே எடுக்கும்மா," என்றார்.

கடைசி நாட்களில் உங்கள் கெண்டைக்கால் என் ஒரு கைக்குள் அடங்கியது. அங்கிருந்துதான் எடுத்தீர்களா? படுத்தபடியே அவ்வளவு போராடினீர்களா?

"மீன்தான் வேண்டுமா?" என்று கேட்டேன்.

"பருப்பு, முட்டை, தயிர் எல்லாம் ஆகும். நீங்க அதையும் தின்னலையே!"

ஜெஸி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதாவிடம் நான் சொன்னது மீனை மட்டும். மற்றதை எப்போது நிறுத்தினேன்? யார் நிறுத்தச் சொன்னார்கள்?

இன்று பருப்புச் சோறும் முட்டையும் சாப்பிட்டேன். ஜெஸி எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தாள். ருசி தெரியவில்லை. தெரியும்வரை காத்திருக்கப் போவதுமில்லை. விரல் தங்குமா என்று டாக்டரம்மாவால் இன்னும் சொல்ல முடியவில்லை.

மீனைத் தொட மாட்டேன். மற்றதை மிச்சம் வைக்க மாட்டேன். உங்களிடம் வர அவசரப்படவும் மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மனைவி,
ரோஸ்லின்